ஊற்றுத் தண்ணீர் பாட்டில் கறுத்துவிட்டது: காட்டெருமையா, மாடா, மனுஷனா?

காப்பிக்காடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில், அதாவது சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. வீட்டுக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று. தாத்தா காலத்திலிருந்து குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். கறுப்பு ஓஸ் போட்டுத் தொட்டிக்கு இறக்கியிருக்கிறோம். மோட்டாரும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. சேலத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவு ருசி.

போன மாதம் வீட்டில் மூன்று பேருக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. முதலில் பையன், அப்புறம் அம்மா, அப்புறம் நான். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்பதுதான். கொஞ்சம் கோபம்கூட வந்தது எனக்கு.

பையனின் அறிவியல் கண்காட்சிக்கு வாங்கிய எச்.டூ.எஸ். பாட்டில் (தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது) இரண்டு மிச்சம் இருந்தது. சின்ன பாட்டில், உள்ளே மருந்தில் நனைத்துக் காயவைத்த தாள் ஒன்று மடித்திருக்கும். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, குலுக்கி, மூடிவைக்க வேண்டும். மலைக் குளிரில் கிருமி வளராது என்று பையன் சொன்னதால் துண்டில் சுற்றி, அடுப்புக்கு மேல் பரணில் வைத்தேன். மறுநாள் காலை எடுத்தால் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். இன்னொரு பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த அதே தண்ணீர். அது அப்படியே இருந்தது.

விஷயம் இனிமேல்தான். ஊற்றுக்கு மேலே இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விருந்தினர் விடுதி வந்தது. பேர் வேண்டாம். அவரிடம் போய்ச் சொன்னேன். "காட்டெருமை வந்து படுத்துக்கிடக்குது, அதைக் கேளுங்க" என்று சிரிக்கிறார். காட்டெருமை வருவதும் உண்மைதான். இது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

அடிவாரத்தான்

அண்ணா, உங்க தாத்தா அதைக் குடித்து எத்தனை வயசு வரைக்கும் இருந்தார்? அதைச் சொல்லுங்கள் முதலில். மலைத் தண்ணீர், மூலிகை வேர்களைத் தழுவி வருகிறது. ஒரு பாட்டில் கறுத்ததற்குப் பயந்து கேன் தண்ணீருக்கு மாறினால் லாபம் கேன்காரருக்குத்தான்.

காப்பிக்காடு

81 வயது. ஆனால் அவர் காலத்தில் மேலே விடுதி இல்லை தம்பி.

குழாயடி அக்கா

நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பாட்டில். அது நம் நாட்டு ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட முறை. ஆய்வுக்கூடமே இல்லாத கிராமத்துக்கென்று செய்தது. மலத்தோடு சேர்ந்து வரும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும், அது தாளில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். நல்ல முறைதான். ஆனால் மலத்தோடு சம்பந்தமே இல்லாத, சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்களும் அதே வாயுவை விடும். ஆகவே கறுத்தால் "சந்தேகப்படு, மேலே சோதி" என்று அர்த்தம். உங்கள் வீட்டில் மூன்று பேர் படுத்துவிட்டதால் நான் சந்தேகத்தின் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்தது கூடத்தில் செய்வது. 50 மில்லி ஒரு குழாய், 10 மில்லி ஐந்து, 1 மில்லி ஐந்து என்று லாக்டோஸ் கலந்த ஊதா நிற திரவத்தில் உங்கள் தண்ணீரை ஊற்றுவோம். ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய் கிடக்கும். 37 டிகிரியில் வைத்தால், கோலிஃபார்ம் (குடலிலும் மண்ணிலும் வாழும் ஒரு பாக்டீரியாக் கூட்டம்) இருந்தால் திரவம் மஞ்சளாகி, குட்டிக் குழாயின் தலையில் வாயு சேர்ந்திருக்கும். எத்தனை குழாயில் வாயு என்று எண்ணி அட்டவணையைப் பார்த்து எண் போடுவோம். மலத்தோடு வரும் வகைதானா என்று அறிய, 44 டிகிரி சூட்டிலும் வளர்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. ரிப்போர்ட்டில் "180+" என்று பார்த்துவிட்டு சரியாக 180 கிருமி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. பதினோரு குழாயும் மஞ்சளாகிவிட்டது, அட்டவணையில் அதற்கு மேல் எண் கிடையாது, அவ்வளவுதான். அது 200ஆகவும் இருக்கலாம், இரண்டு லட்சமாகவும் இருக்கலாம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது: 100 மில்லியில் ஈ.கோலை (கோலிஃபார்ம் கூட்டத்தில் குடலில் வாழும் வகை) கண்டுபிடிக்கும்படி இருக்கவே கூடாது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே அதில் இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு இதில் எதுவும் பதில் சொல்லாது. 1885இல் எஷெரிஷ் என்ற ஜெர்மன் டாக்டர் குழந்தைகளின் மலத்தில் அந்த பாக்டீரியாவைக் கண்டார். அதே ஈ.கோலை மாட்டின் வயிற்றிலும் இருக்கிறது, ஆட்டிலும், நாயிலும், காட்டெருமையிலும் இருக்கிறது. போதாததற்கு ஹவாய் போன்ற வெப்பமான இடங்களில் அது மண்ணிலேயே பிழைத்துக்கிடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். விடுதிக்காரர் சிரிப்பதற்கு இடம் கொடுப்பது இந்த ஓட்டைதான்.

ஏரிக்கரை

அக்கா விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறேன். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜோன் ரோஸ் என்ற விஞ்ஞானி வாழ்நாளைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2016இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு வாங்கியவர். தண்ணீர்த் துறைக்கு நோபல் பரிசு மாதிரி அது.

காப்பிக்காடு அண்ணாவின் வீட்டுக் கதையை அப்படியே உரித்துவைத்த மாதிரி அவர் குழு ஒரு வேலை செய்திருக்கிறது. மிச்சிகனில் 64 ஆறுகளிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். மழைவெள்ளம் ஓடும்போது அல்ல, மழை ஓய்ந்து நிலத்தடி நீர் மட்டும் கசிந்து ஓடும் நாட்களில். ஈ.கோலையோடு பி-தீட்டா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் தேடினார்கள். பி-தீட்டா மனிதக் குடலில் ஏராளமாக வாழ்வது. காற்று பட்டால் வெளியே நெடுநாள் தாங்காது. கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். வழியில்தான் அதன் மரபணுவைத் தேடுகிறார்கள். அது கிடைத்தால் மனுஷ மலம், அதுவும் சமீபத்தியது.

2015இல் முடிவு வந்தது. எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் செப்டிக் டேங்க் அதிகமோ, அந்த ஆற்றில் மனித அடையாளமும் அதிகம். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறுவதை மண் வடிகட்டிவிடும் என்றுதான் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்தது. நான் சிவில் படித்தபோது எழுதிய பதிலும் அதுதான், மார்க்கும் வாங்கினேன்.

அதற்கு இருபது வருடத்துக்கு முன்னால் ஃப்ளோரிடா தீவுகளில் அவரும் சேர்ந்து செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யம். மனிதனுக்குத் தீங்கு செய்யாத, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸைக் கழிவறைக்குள் ஊற்றி ஃப்ளஷ் செய்தார்கள். ஒரு நாள்கூட ஆகவில்லை, அந்த வைரஸ் பக்கத்துக் கால்வாயில் வந்து நின்றது. அங்கே தரை ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறை.

அடிவாரத்தான்

ஏரிக்கரை சார், ஃப்ளோரிடா சுண்ணாம்புப் பாறை. சேர்வராயன் மலை கருங்கல். அங்கே நடந்ததை இங்கே ஒட்டவைத்தால் எப்படி?

ஏரிக்கரை

நியாயமான கேள்வி. சேர்வராயன் சார்னோகைட் பாறை, மேலே சில இடங்களில் பாக்சைட் தொப்பி. கல் கெட்டிதான். ஆனால் கல்லுக்குள் தண்ணீர் ஊறி வருவதில்லை, விரிசல் வழியாகத்தான் ஓடி வருகிறது. விரிசல் என்றால் குழாய் மாதிரி, மணல் மாதிரி வடிகட்டாது. மண் ஆழமாக இருக்கும் இடத்தில் நீங்கள் சொல்வது நிற்கும். மலைச்சரிவில் இரண்டடி தோண்டினால் கடப்பாரை "டங்" என்கிறதே! கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் 50 அடி இடைவெளி என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது மண்ணை நம்பிச் சொல்வது. விரிசலுக்கு அடிக்கணக்கு கிடையாது.

அதற்காக விடுதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல முடியாது, அவ்வளவே.

குழாயடி அக்கா

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. மாட்டுச் சாணம் என்றால் பரவாயில்லை, மனுஷ மலம் என்றால்தான் ஆபத்து என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு ஒட்டுண்ணி, கன்றுக்குட்டிகளின் சாணத்தில் வரும். ஜோன் ரோஸ் ஆரம்ப காலத்தில் தண்ணீரில் தேடி அலைந்தது இதைத்தான். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாக இது பரவி, சுமார் நான்கு லட்சம் பேர் படுத்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டுத்தான் அனுப்பினார்கள். கோலிஃபார்ம் சோதனையில் தேறியும் இருந்தது. குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. வடிகட்டி சரியாக வேலை செய்யாமல் கலங்கல் ஏறியிருந்ததுதான் கிடைத்த அடையாளம்.

ஆகவே யாருடையது என்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சிக் குடியுங்கள். ஏற்காடு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அது போதும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கொதி வரும் முன்பே "சூடாயிடுச்சு" என்று இறக்குவதுதான் நம் வீடுகளில் நடப்பது.

தறிக்காரன்

அம்மாப்பேட்டையிலிருந்து. எங்களுக்கு ஊற்றும் இல்லை மலையும் இல்லை, மேட்டூர் காவிரித் தண்ணீர். அது சுத்தம்தானே? ஆர்.ஓ. மாட்டலாமா வேண்டாமா என்று வீட்டில் தினமும் சண்டை.

ஓய்வுபெற்ற பிட்டர்

தம்பி, முப்பது வருடம் குழி தோண்டி பைப் மாட்டியவன் சொல்கிறேன். தண்ணீர் கிளம்பும்போது சுத்தமாகத்தான் கிளம்பும். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் பைப்பில் உள்ளிருந்து வெளியேதான் கசியும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், நிறுத்தியதும் பைப் காலியாகி உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடை தேங்கியிருந்தால் அதையும் இழுக்கும். இதில் நாம் வேறு வீட்டில் மோட்டாரை நேராக லைனில் மாட்டி உறிஞ்சுகிறோம். தண்ணீர் வந்த முதல் ஐந்து நிமிடம் பிடிக்காதே, செடிக்கு விடு.

ஆர்.ஓ. உப்பு எடுக்கும் மிஷின். போர்த் தண்ணீர் குடிப்பவனுக்கு அது வேண்டும். காவிரித் தண்ணீருக்கு முதலில் சம்ப்பைக் கழுவு. கடைசியாக எப்போது கழுவினாய்?

தறிக்காரன்

அண்ணன் கல்யாணத்துக்கு. ஐந்து வருடம் ஆகிறது. 🙏

முத்தாறு

திருமணிமுத்தாறு இதே சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வருகிறது. கொஞ்ச தூரத்திலேயே மூக்கைப் பொத்த வைக்கிறது. குளிக்கும் ஆற்றில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நம் ஆற்றுக்கு எச்.டூ.எஸ். பாட்டில் வேண்டாம், பாலத்தில் பஸ் நின்றாலே தெரிந்துவிடும்.

சில்வர் ஓக்

தோட்டக்காரர்கள் நம் மேலும் கொஞ்சம் பழி இருக்கிறது. காப்பிப் பழத்தைப் பல்பர் மிஷினில் தோலுரிக்கும் பருவத்தில் அந்தக் கொழகொழத் தண்ணீரை ஓடையில் விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது மலக்கிருமி இல்லை, ஆனால் சர்க்கரையும் பிசினும் நிறைந்த தண்ணீர். ஓடையில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், அப்புறம் அக்கா சொன்ன சேற்று பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். காப்பிக்காடு, உங்கள் ஊற்றுக்கு மேலே பல்பர் எதுவும் உண்டா?

காப்பிக்காடு

இல்லை. பல்பர் எங்களுடையதுதான், கீழே இருக்கிறது. எல்லோருக்கும் பெரிய நன்றி. ஒரு யோசனை தோன்றியது. விடுதிக்கும் மேலே, அடுத்த மடிப்பில், இன்னொரு சின்ன ஊற்று இருக்கிறது. காட்டெருமை இரண்டிலும் தண்ணீர் குடிக்கும். இரண்டையும் சோதித்தால்?

குழாயடி அக்கா

அருமை. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எடுக்கும்போது கவனம்: கூடத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டில் மட்டும். மூடியின் உள்பக்கத்தை விரல் தொடக் கூடாது, கீழேயும் வைக்கக் கூடாது. ஓஸ் முனையில் பிடிக்காதீர்கள், பாசி படிந்திருக்கும். ஊற்றுக்கண் இருக்கும் இடத்தில் நேராகப் பிடியுங்கள். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்று விடுங்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும். ஒரு தடவை எடுத்து முடிவு கட்டக் கூடாது. மழை இல்லாத நாளில் ஒரு முறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறை.

காப்பிக்காடு (ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும், மிளகு பறிப்பு. ரிப்போர்ட் கையில் இருக்கிறது.

மழை இல்லாத நாள்: மேல் ஊற்றில் கோலிஃபார்ம் 4, ஈ.கோலை இல்லை. நாங்கள் குடிக்கும் ஊற்றில் 180+, ஈ.கோலை உண்டு.

மழைக்கு மறுநாள்: இரண்டிலும் 180+, இரண்டிலும் ஈ.கோலை.

விடுதிக்காரரிடம் இதை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மழைக்கு அப்புறம் மேல் ஊற்றிலும் வந்துருக்குதே, அங்க யாரு கக்கூஸ் கட்டினா?" என்று கேட்டார். பதில் இல்லை எனக்கு.

ஏரிக்கரை

பதில் இருக்கிறது. மழையன்று மேற்பரப்பில் கிடக்கும் மாட்டுச் சாணி, காட்டெருமைச் சாணி எல்லாம் கழுவிக்கொண்டு இரண்டிலும் இறங்கும். மழை இல்லாத நாளில் மேலிருந்து கழுவ எதுவும் இல்லை, அன்றைக்கும் கீழ் ஊற்றில் மட்டும் வருகிறது என்றால் அது நிலத்துக்கடியில் விடாமல் கசிவது. மிச்சிகன்காரர்கள் மழையில்லாத நாளைத் தேர்ந்தெடுத்தது இதற்குத்தான்.

குழாயடி அக்கா

ஏரிக்கரை சொல்வது சரி, ஆனால் எடுத்தது ஒரே ஒரு வறண்ட நாள் தண்ணீர்தான். கோர்ட்டில் நிற்காது. பி-தீட்டா பார்த்தால் நிற்கும். அது எங்கள் கூடத்தில் கிடையாது.

மலிவாக ஒன்று உண்டு. விடுதிக்காரர் சம்மதித்தால் அவர் டேங்கில் மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். ஊற்றில் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) மணிக்கு ஒரு தடவை வைத்து எழுதுங்கள். எண் ஏறினால் வழி இருக்கிறது. ஏறாவிட்டால் வழி இல்லை என்று சொல்ல முடியாது, உப்பு நடுவழியிலேயே நீர்த்துப்போயிருக்கலாம்.

காப்பிக்காடு

சம்மதித்தார். ஆச்சரியம்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "முதல்ல என் டேங்கைத் திறந்து பாப்போம், அப்புறம் உங்களுதையும் பாப்போம்."

அவருடையதைத் திறந்தோம். பேருக்குத்தான் செப்டிக் டேங்க். நான்கு சிமெண்ட் உறை இறக்கி, மேலே மூடி. அடியில் தளமே கிடையாது. கட்டிய மேஸ்திரி "தானா இழுத்துக்கும் சார், லாரி கூப்பிடவே வேண்டாம்" என்று சொல்லி இறக்கினாராம். இழுத்துத்தான் கொண்டிருக்கிறது இரண்டு வருடமாக.

உப்பைக் கரைத்து ஊற்றினோம். பையன்தான் மீட்டரோடு உட்கார்ந்தான். 62, 62, 63, 62 என்று எழுதிக்கொண்டே வந்தவன், ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினான்: 88. காலையில் 104.

அப்புறம் எங்கள் பக்கம் வந்தோம். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அப்பா கட்டிக்கொடுத்த கழிவறை, எட்டுக் குடும்பம். மூடியைத் தூக்கினால் அதே உறை, அதே மண் தரை. விடுதிக்காரர் ஒன்றும் பேசவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குக் கீழே அரை ஃபர்லாங்கில் ஒரு சுனை இருக்கிறது. கீழ் ஊரில் இருபது வீடு அதில் குடம் நிரப்புகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் வயிறு போகும்போதெல்லாம் "பச்சை நெல்லிக்காய் தின்னுதுங்க" என்று என் அம்மா சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

அடிவாரத்தான்

அண்ணா, கீழ் ஊரில் சொல்லிவிட்டீர்களா?

காப்பிக்காடு

நேற்று சாயங்காலம் போனேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "விறகு கொடுங்க, காய்ச்சிக்கறோம்" என்றார். இரண்டு லோடு இறக்கியிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற பிட்டர்

தளம் போடுவதற்கு முன் குழியைக் காலி பண்ண வேண்டும். உங்கள் மண் ரோட்டில் லாரி வராது. எடுத்ததை இன்னொரு ஓடையில் கொட்டுகிற ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். குழிக்குள் ஆளை இறக்கவும் கூடாது, விஷவாயு, சட்டப்படியும் தப்பு. பக்கத்தில் புதிதாக அடித்தளமும் தடுப்புச் சுவரும் வைத்த தொட்டி கட்டி லைனை அதற்கு மாற்றுங்கள். பழைய குழியை அப்படியே மூடிப் போட்டுக் காயவிடுங்கள். எங்கே கட்டப்போகிறீர்கள், சுனை எந்தப் பக்கம், ஒரு படம் வரைந்து போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

குழாயடி அக்கா

கீழ் ஊர்க் குடத்துக்கு அதுவரைக்கும் ஒரு கணக்கு: ஊரில் சிமெண்ட் தொட்டி இருந்தால் அதில் நிரப்பி, 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். தனி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரித்துப் பல நாள் ஆன பொட்டலம் வேண்டாம், வீரியம் போயிருக்கும். காய்ச்சுவதையும் விட வேண்டாம்.

அந்தச் சுனையிலிருந்தும் ஒரு பாட்டில் எடுங்கள்.

காப்பிக்காடு

எடுத்தாயிற்று அக்கா. மீன்காரரிடம் தெர்மாக்கோல் பெட்டி வாங்கி ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் பையன் கொண்டுவருவான். 20 கொண்டை ஊசியும் அவன் மடியில்தான். பெட்டியில் மீன் வாடை கொஞ்சம் வரும், பாட்டிலுக்குள் போகாமல் மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவர் கட்டியிருக்கிறேன். கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும்?

குழாயடி அக்கா

ஒன்பதரைக்கு. நான் ஒன்பதுக்கே வந்துவிடுகிறேன்.